வண்டுக்குப் பின்னால்

வண்டு இன்னும் போகவில்லை. அது நிற்பதும் கெடுதல், போய்விட்டால் அதைவிடக் கெடுதல் என்று குகதாசன் நிலத்தில் வெட்டின கிடங்கின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நினைத்தான், ஏனென்றால் அது போன பிறகுதான் பீரங்கிச் செல் வரும், எப்போதும் அப்படித்தான், முதலில் வண்டு வந்து சுற்றும், ஆற அமரப் பார்க்கும், பார்த்ததை எங்கேயோ இருக்கிற எவனுக்கோ சொல்லிக்கொடுக்கும், பிறகு ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரிப் போய்விடும், சனங்கள் பங்கரை விட்டு வெளியே வந்து உலை வைப்பார்கள், அப்போது விழும். வன்னியில் அவனுடைய பெருக்கல் வாய்பாடு பாதியில் நின்றுபோனது, ஆனால் இந்தப் பாடம் முழுதாக நடந்து முடிந்தது. இங்கே ரஷ்யர்கள் அதைக் குருவி என்கிறார்கள். குருவியாம்! குருவி அரிசி பொறுக்கும், இது ஆளையல்லவா பொறுக்குகிறது. இவ்வளவு பெரிய நாடு, இதற்கு ஒரு பொருத்தமான பேர் வைக்கத் தெரியவில்லை. வன்னியில் ஆளில்லாத வேவு விமானத்தை வண்டு என்று முதலில் சொன்னவன் யாரோ, அவன் சரியாகச் சொன்னான், காதுக்குள் புகுந்தால் லேசில் வெளியே வராது, சண்டை முடிந்து முகாமில் கிடந்தபோதும், வவுனியாவில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் நின்றபோதும், எங்காவது ஒரு இயந்திரம் மெல்லிசாக இரைந்தால் அவனுடைய தோள்கள் தாமாகவே காதை நோக்கி ஏறிவிடும். இப்போதும் ஏறித்தான் இருந்தன. கழுத்து வலித்தது, இறக்கிவிட்டான், மறுபடி ஏறின.

பக்கத்தில் அமலதாஸ் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். பாசையூர்க் கடற்காரர், இவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட, இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன். இரண்டு பேருக்கும் ரஷ்யப் பட்டாளத்தின் உடுப்பு. பிரான்ஸ் போகிறோம் என்று வெளிக்கிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருப்பதை நினைத்தால் ஒரு நேரம் அழுகை வரும், ஒரு நேரம் சிரிப்பு வரும், இன்றைக்குத் தண்ணீர் கிடைக்கும்வரை இரண்டும் வரவில்லை, வாய் அவ்வளவு காய்ந்து கிடந்தது. மாஸ்கோவில் இறங்கி, இன்னும் கொஞ்சத் தூரம் வாகனத்தில் போனால் எல்லை என்று ஏஜென்சிக்காரன் சொன்னான், எல்லைக்குத்தான் கொண்டுவந்தார்கள், அதில் பொய் இல்லை, எந்த எல்லை என்று இவர்கள் கேட்கவில்லை. பட்டாள முகாமில் சமையல் வேலை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். சமையல்! இந்தக் கிடங்கில் இவர்களோடு விடப்பட்ட ரஷ்யக் கிழவன் ஒருவன் இருந்தான், ஜெயிலில் இருந்து வந்தவன், நேற்றுக் காலை தண்ணீர் தேடி வெளியே போனான். அவனை அடித்தது செல் இல்லை. அதுதான் குகதாசனுக்கு இன்னும் விளங்காத விசயம், இந்த ஊரில் வண்டே செல்லாகவும் இருக்கிறது, பார்க்கிறதும் அதுவே, வந்து வெடிக்கிறதும் அதுவே, கிழவன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தான், அதுவும் மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. செல்லுக்கு அப்படித் தெரியாது. செல் கண் இல்லாதது, எறிந்த இடத்தில் போய் விழும், தூரத்தில் அது கிளம்பும்போது குத்துகிற சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்கினால் விழுவதற்குள் பங்கருக்குள் பாய்ந்துவிடலாம், அவனுடைய அம்மா ஒரு கையில் தம்பியையும் மறு கையில் சோற்றுப் பானையையும் தூக்கிக்கொண்டு பாய்ந்திருக்கிறா, ஒரு பருக்கை சிந்தவில்லை. இங்கே எதை எண்ணுவது?

வெளியே கறுத்துப்போன சூரியகாந்தி வயல், அறுவடை செய்ய ஆளில்லாமல் நின்ற நிலையிலேயே காய்ந்தது. அதற்கு மேலே, கிடங்கு வாசலுக்கு நேரே, எதிரிப் பக்கத்து வண்டு. கொஞ்சம் முன்னம் வந்ததும் அது ஒரு போத்தல் தண்ணீரைப் போட்டது. இதைத்தான் குகதாசனால் ஒரு பக்கத்திலும் வைத்துப் பார்க்க முடியவில்லை. போத்தலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, தாளில் படம், ஒரு ஆள் துவக்கைக் கீழே போட்டிருக்கிறான், அடுத்ததில் கையை உயர்த்தி நிற்கிறான், அடுத்ததில் வண்டுக்குப் பின்னால் நடந்து போகிறான், கடைசியில் ஒரு மேசையில் உட்கார்ந்து ஏதோ சாப்பிடுகிறான். சின்னப் பிள்ளைகளுக்குக் கீறின மாதிரி. அமலதாஸ் போத்தலைத் திறந்து மடமடவென்று பாதியைக் குடித்தார். நஞ்சாக இருக்கும் என்று இவன் கத்தினான். அவர் வாயைத் துடைத்துவிட்டு, “பொறு, செத்தா சொல்லுறன்” என்றார். கொஞ்ச நேரம் பார்த்திருந்தான், அவர் சாகவில்லை, இவனும் குடித்தான். தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் தண்ணீர் வேறு, தாள் வேறு. வானத்தில் இருந்து விழுகிற தாளைப் பற்றி அமலதாஸுக்கு ஒன்றும் தெரியாது, கடைசிச் சண்டை நடந்தபோது அவர் பாசையூரில் இருந்தார், அங்கே அப்போது சண்டை இல்லை, கடலுக்குப் போகப் பாஸ் எடுக்கிற கரைச்சல் மட்டும்தான்.

வன்னியிலும் தாள் விழுந்தது. காலையில் விமானச் சத்தம், எல்லோரும் குப்புறப் படுத்தார்கள், குண்டு விழவில்லை, வெள்ளை வெள்ளையாக என்னவோ ஆடி ஆடி இறங்கியது, பிள்ளைகள் ஓடிப்போய்ப் பொறுக்கினார்கள், அவனும் பொறுக்கினான், நல்ல வழவழப்பான தாள், பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அதில் படம் கீறலாம் என்று சந்தோசப்பட்டான். அப்பாதான் வாங்கி வாசித்தார். பாலை மரத்தின் கீழே நின்று, இருபது முப்பது பேர் சுற்றி நிற்க, உரத்து வாசித்தார், இந்தப் பகுதி பாதுகாப்பு வலயம், எல்லோரும் அங்கே போங்கோ, அங்கே ஒன்றும் விழாது. அப்பாவுக்கு எழுத்தில் இருப்பது எல்லாம் உண்மை. பஸ் நேர அட்டவணையையும் நம்புவார், மருந்துப் போத்தலில் இருப்பதையும் நம்புவார், எழுதி அச்சடித்து விமானத்தில் கொண்டுவந்து போடுகிறவன் சும்மா போடுவானா என்று கேட்டார். அவர் வாசித்த விதத்தில் மற்றவர்களும் நம்பினார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் பாயையும் சட்டியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். தென்னை மரங்கள், வெண்மணல், தரப்பாளுக்குப் பக்கத்தில் தரப்பாள், ஒரு தரப்பாளின் கயிறு அடுத்த தரப்பாளின் முளையில் கட்டியிருந்தது. வண்டு வந்தது. போனது. அப்பா தண்ணீர் அள்ளப் போயிருந்தார். நினைவில் இந்த இடத்துக்கு வந்ததும் குகதாசன் எப்போதும் செய்கிறதைச் செய்தான், அதற்கு மேல் போகாமல் திரும்பினான், பெட்டியில் ஏற்றின பாயின் நிறம் என்ன, பச்சையா சிவப்பா, பச்சை, ஓரத்தில் சிவப்புக் கரை. அம்மா அந்தப் பாயில்தான் அப்பாவைக் கிடத்தினா. திரும்பினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது, எந்தப் பக்கத்தால் போனாலும் அங்கேதான்.

“தம்பி” என்றார் அமலதாஸ். “நான் போகப்போறன்.”

“எங்க?”

“உதுக்குப் பின்னால.” நாடியால் வெளியே காட்டினார். வண்டு கொஞ்சம் கீழே இறங்கி இடமும் வலமும் ஆடியது, வயல் பக்கம் கொஞ்சம் போனது, திரும்பி வந்தது. மாட்டை அவிழ்த்து விட்டவன் முன்னால் நடந்து நடந்து திரும்பிப் பார்க்கிற மாதிரி.

“அண்ணை, உங்களுக்கு விசரே? வண்டுக்குப் பின்னால ஆரும் போறதே?”

“வண்டோ கிண்டோ, தண்ணி தந்ததெல்லோ.”

“தந்து வெளியில எடுத்து அடிக்கப் பாக்குது.”

“அடிக்கிறதுக்கு ஏன்ராப்பா எங்களை வெளியில எடுக்கோணும்? வாசல் திறந்துதானே கிடக்கு. உள்ளுக்கு வந்து வெடிச்சா ரெண்டு பேரும் சரி.”

அவர் சொன்னது நியாயம். அந்த நியாயம்தான் குகதாசனைப் பயப்படுத்தியது, ஏனென்றால் அப்பா சொன்னதும் அன்றைக்கு எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது, நியாயமாகச் சொல்லிச் சொல்லித்தான் ஆட்கள் சாகிறார்கள், நியாயம் சரியாகத்தான் இருக்கும், செல்லும் சரியாக வந்து விழும். அவன் அமலதாஸின் சட்டையைப் பிடித்தான். “நீங்கள் முள்ளிவாய்க்காலில இருக்கேல்லை அண்ணை. உங்களுக்கு உதுகளைப் பற்றித் தெரியாது.”

“ஓம், இருக்கேல்லை” என்றார் அவர். “அதாலதான் என்னால போக முடியுது.” குத்திக்காட்டிச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு அவனுடைய கையை மெல்ல எடுத்துவிட்டு, துவக்கைச் சுவரோரம் சாத்தினார், தலைக்கவசத்தைக் கழற்றினார், உள்ளே போட்டிருந்த வெள்ளை பெனியனை உரிந்து கையில் சுற்றினார். “மூத்தவளுக்கு இந்த வருசம் ஓஎல் சோதினை. நான் இஞ்ச கிடந்து எவன்ர சண்டையிலயோ சாகேலாது. வாறியா, இல்லையா? அதுக்கு பற்றரி கனநேரம் நிக்காது தம்பி. எழும்பு.”

எழும்பியிருக்கலாம். கால் எழும்பவில்லை. போ என்று ஒரு பக்கம் சொன்னது, தாள் தாள் தாள் என்று இன்னொரு பக்கம் அடித்தது, அம்மாவின் முகம் வந்தது, அம்மா வண்டை அண்ணாந்து பாராதே என்று அவனுடைய தலையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்ட அந்த மடியின் புகை மணம் வந்தது, அந்த மணத்துக்குள் இருந்து அவனால் வெளியே வர முடியவில்லை. “நீங்களும் போகாதேங்கோ” என்று மட்டும் சொன்னான். அமலதாஸ் நெற்றியில் சிலுவை போட்டார், அவனுடைய தலையில் ஒருமுறை கையை வைத்தார், ஒரு கையை உயர்த்தியபடி குனிந்து வாசலால் வெளியேறினார். வெளிச்சத்தில் அவருடைய முதுகு மிகவும் பெரிதாகத் தெரிந்தது.

குகதாசன் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். குப்புறப் படுத்தான், நெஞ்சு நிலத்தில் முட்டாமல் முழங்கையில் தாங்கினான், வாயைத் திறந்து வைத்தான், விரலைக் காதுக்குள் செருகினான். இப்படிப் படுத்தால் அதிர்ச்சியில் ஈரல் பிய்ந்துபோகாது என்று சொல்லித் தந்தார்கள். மண் மணத்தது, வன்னி மண்ணின் மணம் இல்லை, இது கறுப்பு மண், நனைந்த கோணிச் சாக்கின் மணம். இப்போது விழும். இப்போது. அவர் வயலின் ஓரத்துக்குப் போயிருப்பார், அதுதான் வெட்டவெளி, அங்கேதான் அடிப்பான், இப்போது. அவர் மூத்தவளுக்கு ஓஎல் என்றார், சின்னவளின் பேர் என்ன, சொல்லியிருக்கிறார், மறந்துபோச்சு, அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது, நான்தான் சொல்லவேண்டும், எப்படிப் போய்ச் சொல்வது, நான் உயிரோடு போய்ச் சேர்ந்தால் அல்லவா சொல்வது. இப்போது. வாய்க்குள் மண் போனது, துப்பவில்லை. தான் சத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை, சத்தம் வரவேண்டும் என்று விரும்பிக்கொண்டிருக்கிறான் என்பது மெதுவாக அவனுக்கு உறைத்தது. விழுந்தால் அவன் சொன்னது சரி. விழுந்தால் அவன் எழும்பாதது சரி. சீ, என்ன மனிசன் நான் என்று நினைத்தான், குடித்துக் காட்டித் தண்ணீர் தந்த மனிதர், தலையில் கைவைத்துவிட்டுப் போன மனிதர், அவர் சாகவேண்டும் என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். காதில் இருந்து விரலை எடுத்தான். ஒன்றும் விழவில்லை. காய்ந்த சூரியகாந்தித் தண்டுகள் முறிகிற சத்தம், மெல்ல மெல்லத் தூரமாகிக்கொண்டு, அவ்வளவுதான்.

வாசலுக்குத் தவழ்ந்துபோய்ப் பார்த்தான். அமலதாஸ் வயலுக்குள் இடுப்பளவு தெரிய நடந்துகொண்டிருந்தார், கடலில் நடக்கிறவர் மாதிரி காலை அகட்டி அகட்டி. முன்னால் வண்டு தாழப் பறந்தது. அவர் தடுக்கி விழுந்தபோது அது நின்றது. அவர் எழும்பும்வரை நின்றது. ஒரு இடத்தில் பக்கமாக விலகிச் சுற்றிப் போனது, அவரும் சுற்றிப் போனார், அங்கே கண்ணிவெடி புதைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. குகதாசனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கேயோ ஒரு அறையில் எவனோ ஒருவன், பாசை தெரியாதவன், முகம் தெரியாதவன், கண்ணில் மாட்டின திரையில் பார்த்துப் பார்த்து ஒரு பாசையூர் மனிதரைக் கண்ணிவெடிக்கு நடுவால் நடத்திக்கொண்டு போகிறான். நேற்றுக் கிழவனை மரத்தைச் சுற்றிச் சுற்றித் துரத்தினவனும் இவனாக இருக்கலாம். அதே கை. அப்பாவுக்கு இப்படி ஒரு கை கிடைக்கவில்லையே என்று நினைத்தான், பிறகு, எனக்குக் கிடைத்ததே, நான் பிடிக்கவில்லையே என்று நினைத்தான். கால்கள் இப்போது எழும்பின. இந்த நேரத்தில் எழும்பின, வெட்கம் கெட்ட கால்கள். ஓடினால் பிடித்துவிடலாம். தலைக்கவசத்தின் வாரை அவிழ்க்கக் கையை வைத்தான்.

“சிலோன்” என்றது ரேடியோ. “சிலோன், சிலோன்.”

கொமாண்டர். பின்னுக்கு, நிலவறை ஒன்றில், தூரத்தில் நட்ட கமராக்களின் திரைகளுக்கு முன்னால் இருக்கிறவன். இவர்களுடைய பேர்கள் அவன் வாயில் நுழையவில்லை, அதனால் குகதாசனுக்குச் சிலோன் என்றும் அமலதாஸுக்குத் தேநீர் என்கிற அர்த்தத்தில் சாய் என்றும் தேயிலைப் பெட்டியைப் பார்த்துப் பேர் வைத்தான். குகதாசனுக்கு ரஷ்யப் பாசை கொஞ்சம்தான் தெரியும், அடி வாங்கிப் பழகின கொஞ்சம், ஆனால் இது விளங்கியது. வயலில் யாரோ நடக்கிறான், யார் அது?

போன கிழமை இந்தக் கொமாண்டர் தன் கைபேசியில் எல்லோருக்கும் ஒரு காணொளி காட்டினான். கையை உயர்த்திக்கொண்டு எதிரிப் பக்கம் நடக்கிற ஒருவன், அவர்களுடைய உடுப்புப் போட்டவன், அவனுக்குப் பின்னால் இருந்து, சொந்தப் பக்கத்தில் இருந்து ஒன்று பறந்து வந்து முதுகில் மோதுகிறது. பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். குகதாசன் வாசலைப் பார்த்தான். அமலதாஸுக்கு முன்னால் நிலம் பள்ளமாக இறங்குகிற இடத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது. அங்கே இறங்கிவிட்டால் இந்தப் பக்கத்துக் கண்ணுக்குத் தெரியாது. இவன் இப்போது ஓடினால் ரேடியோவுக்குப் பதில் இல்லை, பதில் இல்லை என்றால் அவனுக்கு விளங்கிவிடும், விளங்கினால் இரண்டு முதுகு. இதை அவன் யோசித்தான் என்று சொல்ல முடியாது. கை ரேடியோவை எடுத்துவிட்டது.

“சாய்” என்றான். “தண்ணி. கிணறு. தண்ணி எடுக்க.”

இரைச்சல். பிறகு ஒரு கெட்ட வார்த்தை, அதுவும் விளங்கியது. கிணறு அந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது?

“இருக்கு. சின்னது.” தனக்குத் தெரிந்த ரஷ்யச் சொற்கள் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டான், கிழவன் செத்தான், தண்ணி இல்லை, ரெண்டு நாள், கிணறு, சாய் நல்லவன், திரும்பி வருவான், தண்ணி, உடனே வருவான். வாய் அங்கே பேசிக்கொண்டிருக்கக் கண் இங்கே அமலதாஸின் முதுகில் இருந்தது. நடவுங்கோ அண்ணை, கெதியா நடவுங்கோ, அவ்விடத்தில் நின்று திரும்பிப் பாராதேங்கோ. அவர் திரும்பிப் பார்த்தார். கிடங்கைப் பார்த்துக் கையால் வா என்று காட்டினார். வண்டும் நின்றது. இருவருமாக நின்று அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவனுக்கு வாழ்நாளில் அப்படி ஒருவரும் காத்திருந்ததில்லை. குகதாசன் வாசலில் தலையை நீட்டி, போ போ என்று கையை வீசினான், கோழியைக் கலைக்கிற மாதிரி, கோபத்தோடு வீசினான். அவர் இன்னும் நின்றார். பிறகு திரும்பினார். இடுப்பு மறைந்தது, தோள் மறைந்தது, கடைசியில் பெனியன் சுற்றின கை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

வயலில் ஒருவரும் இல்லை. வானத்திலும் ஒன்றும் இல்லை, பொழுது பட்டுக்கொண்டு வந்தது. பிறந்ததில் இருந்து அவன் கேட்ட வரம் அதுதான், தலைக்கு மேலே ஒன்றும் இல்லாத வானம். கிடைத்தபோது அவன் அதைப் பார்த்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். திரும்பி வா, ஒருக்கால் வா, என்னையும் கொண்டுபோ என்று, யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாமல், வண்டைக் கும்பிட்டான். வரவில்லை. பற்றரி முடிந்திருக்கும். அல்லது அந்த அறையில் இருக்கிறவன், இவன் கையை வீசினதைக் கண்டு, இவனுக்கு வர விருப்பமில்லை என்று நினைத்திருப்பான்.

“சிலோன்” என்றது ரேடியோ. “வந்துவிட்டானா?”

“வந்திட்டான்.”

“அவனிடம் கொடு.”

குகதாசன் ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சாய்ந்திருந்த சுவரைப் பார்த்தான். அங்கே துவக்கும் தலைக்கவசமும் இருந்தன. அமலதாஸுடையது கரகரத்த குரல், கடலில் வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிட்டுக் கூப்பிட்டு உடைந்த குரல். அந்தப் பள்ளத்தைத் தாண்டி அவர் இன்னும் எவ்வளவு தூரம் போகவேண்டுமோ தெரியாது. தொண்டையை இறுக்கி ஒருமுறை இருமினான்.

“சாய்” என்றான் கரகரத்து. “நான் சாய். தண்ணி கொண்டுவந்திட்டன்.”

பிறகு கொமாண்டர் சொன்னான், சிறு பிள்ளைக்குச் சொல்கிறமாதிரி ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னான், அதனால் எல்லாம் விளங்கியது. விடியும்போது முன்னால் இருக்கிற இடிந்த பண்ணைக்குப் போகவேண்டும். இரண்டு பேரும். பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருப்போம், நின்றால் தெரியும். விளங்கிற்றா, சிலோன்?

“சரி” என்றான் குகதாசன்.

சாய்?

அவன் திரும்பவும் இருமினான். “சரி” என்றான்.